பழைய ஆக்டேவியாவுல பாரட் எம்கேஐ 9200: வயர் வெட்டாம ப்ளூடூத் மாட்டின ரிவ்யூ

முதல்லயே முடிவைச் சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். காரோட வந்த கம்பெனி பாட்டுச் செட்டை மாத்தாம பழைய ஸ்கோடாவுல போன் பேசணும், கொஞ்சம் பாட்டும் கேக்கணும்னா பாரட் எம்கேஐ 9200-ங்கற ப்ளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட் இன்னைக்கும் உருப்படியான சாமான்தான். ஆனா கூட வர்ற கேபிளை அப்படியே சொருகிட்டு "ஒண்ணும் சரியில்ல"ன்னு திட்டுறவங்கதான் நிறைய. கேபிள்ல மூணே மூணு பின் விஷயம் இருக்கு, அதைச் சரி பண்ணிட்டா இது நாலு ஸ்டார் சாமான், பண்ணலன்னா ஒரு ஸ்டார் கூட தேறாது.

கார் முதல் தலைமுறை ஆக்டேவியா, 1.9 டீசல். 2001-ல ஸ்கோடா இந்தியாவுக்குள்ள வந்தப்ப கொண்டு வந்த மாடல் இது, ஔரங்காபாத்ல அசெம்பிள் பண்ணாங்க. நாலாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் இதுவும் ஒரே ப்ளாட்ஃபார்ம், அதாவது அடிப்படை ஒண்ணுதான், அதனால ஜெர்மனியிலயும் இங்கிலாந்துலயும் கோல்ஃப் வெச்சிருக்கவன் எழுதி வெச்ச வயரிங் படம் பெரும்பாலும் நமக்கும் பொருந்தும், இது பெரிய புண்ணியம். செட்டை ஏன் தூக்கிப் போடலன்னு எல்லாரும் கேக்கறாங்க. ராத்திரி மீட்டர்ல எரியற அதே பச்சை லைட்டு செட்லயும் எரியும், டேஷ்போர்டோட சேர்ந்து ஒரே சாமானா தெரியும், அந்த இடத்துல பெரிய ஆண்ட்ராய்டு ஸ்க்ரீனைச் சொருகினா எனக்குக் கண்ணு கூசுது. ரசனை விஷயம், விடுங்க.

வேற வழியே இல்லையான்னா இருக்கு. எஃப்எம் ட்ரான்ஸ்மிட்டர் சென்னைக்குள்ள வேஸ்ட், காலியா ஒரு அலைவரிசை கிடைக்கறதுக்குள்ள ஊரே தாண்டிடுவோம். கேசட் அடாப்டர் பாட்டுக்கு ஓகே, போன் பேச மைக் கிடையாது. மூணாவது, செட்டுக்குப் பின்னாடி சிடி சேஞ்சரை (பல சிடியை மாத்தி மாத்திப் போடற பெட்டி) சொருகறதுக்குன்னு இருக்கற கப்ளர், அதாவது வயர் பிளக், அதுல 18, 19, 20 பின்தான் ஆடியோ எர்த், லெஃப்ட், ரைட். ஆனா நேரா வயரைக் கொடுத்தா பாட்டு வராது, சேஞ்சர் இருக்கற மாதிரி செட்டை நம்ப வைக்க ஒரு எமுலேட்டர் வேணும், அது இல்லாம செட் சிடி பக்கமே திரும்பாது. அதுலயும் பாட்டு மட்டும்தான். எனக்குத் தேவை முதல்ல போன், அப்புறம்தான் பாட்டு.

பாரட் பத்தி தெரியாதவங்களுக்கு: பாரிஸ்ல 1994-ல ஆரம்பிச்ச கம்பெனி, ஹென்றி செய்டூன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. கார் ஹேண்ட்ஸ்ஃப்ரீ கிட்ல யூரோப் முழுக்க இவங்க பேருதான், அப்புறம் 2010-ல ட்ரோன் விட ஆரம்பிச்சு அந்தப் பக்கம் போயிட்டாங்க, கார் பிரிவு ஃபொரேசியான்னு ஒரு கார் பாகக் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. அதனால இப்ப கிடைக்கறது பழைய ஸ்டாக் இல்ல செகண்ட் ஹேண்ட்தான். எனக்கு இங்கிலாந்துல இருக்கற மச்சான் கழட்டின கார்லேர்ந்து எடுத்துக் கொண்டு வந்து கொடுத்தார். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க ஒண்ணு பாத்துக்கங்க, பெட்டி, ஸ்க்ரீன், ரிமோட், மைக், கேபிள் அஞ்சும் சேர்ந்து வருதான்னு. கேபிளை வெட்டி எடுத்துட்டு "பெட்டி மட்டும் நல்லா இருக்கு"ன்னு விக்கறவன்கிட்ட வாங்காதீங்க, கேபிள்தான் இதுல உசுரு.

சரி, வயரிங்குக்கு வருவோம். செட்டுக்குப் பின்னாடி ரெண்டு எட்டு பின் கப்ளர் இருக்கும், ஐஎஸ்ஓ கப்ளர்னு சொல்லுவாங்க, ஒண்ணு கரண்ட், ஒண்ணு ஸ்பீக்கர். கரண்ட் கப்ளர்ல நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: 2-வது பின் போன் மியூட், 4-வது, 7-வது ரெண்டும் ப்ளஸ், 8-வது எர்த். 1-வது பின் வேகத்துக்குத் தக்கபடி வால்யூம் ஏத்த, 5 ஆன்டெனா, 6 லைட். 3-வது பின்னைப் பத்தி தனியா சொல்றேன், அது வில்லன்.

இந்த 2-வது பின்தான் கம்பெனி நமக்கு விட்டு வெச்ச வாசல். 2000 வாக்குல யூரோப்ல கார்லயே போன் வெச்சு விக்கற காலம், நோக்கியா சொருகற க்ரேடில் எல்லாம் வரும், கால் வந்தா செட்டுக்குச் சொல்லணும் இல்லையா, அதுக்குத்தான் இந்தப் பின். இதை எர்த்ல தொட்டா செட் தானா வாயை மூடிக்கும். போன் ஆப்ஷன் இல்லாத கார்ல, என் கார் மாதிரி, கார் பக்க கப்ளர்ல அந்தக் குழி காலியாதான் இருக்கும், உடனே "நம்ம கார்ல இல்ல"ன்னு விட்டுடாதீங்க, செட் பக்கம் பின் இருக்கு. பாரட் கேபிள் காருக்கும் செட்டுக்கும் நடுவுல உக்காருது, அதனால மியூட் வயர் செட்டோட பின்னுக்கு நேரா போயிடும், கார் வயர் அதுக்குத் தேவையே இல்ல. பாரட் கேபிள்ல மஞ்சள் வயர்தான் மியூட், முனையை சும்மா விட்டிருப்பான், எந்தக் குழியில சொருகணும்னு காரைப் பாத்து நாமதான் முடிவு பண்ணணும். நமக்கு 2-வது குழி.

மியூட் வயர் இல்லாமலும் கிட் வேலை செய்யும்னு சில பேர் சொல்லுவாங்க. செய்யும்தான், கால் வந்தா ரிலே (தானா மாத்தி விடற ஸ்விட்ச்) முன் ஸ்பீக்கரை செட்லேர்ந்து பிரிச்சு பாரட் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்துடும், ஆனா பின்னாடி ஸ்பீக்கர்ல எஃப்எம் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், மாமியார் போன்ல பேசறாங்க, பின் சீட்ல ஆர்ஜே சிரிக்கறான். மியூட் கொடுத்தா மொத்தமும் அமைதி.

அடுத்தது ப்ளஸ் வயர், இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. பொதுவான ஐஎஸ்ஓ கணக்குப்படி 4-வது பின் நேரா பேட்டரி, 7-வது சாவி போட்டா வர்ற ப்ளஸ். ஃபோக்ஸ்வாகன் குரூப் கார்ல இது அப்படியே தலைகீழ், 7 பேட்டரி, 4 சாவி. போதாக்குறைக்கு கலர் குழப்பம் வேற. நம்ம ஊர்ல கார் செட் மாட்டறவங்க எல்லாருக்கும் மஞ்சள்னா பேட்டரி, சிவப்புன்னா சாவி, கையில ஊறின விஷயம். பாரட்ல சிவப்பு பேட்டரி, ஆரஞ்சு சாவி, மஞ்சள் மியூட்! பழக்க தோஷத்துல மஞ்சளை பேட்டரில கொடுத்தா என்ன ஆகும்னு நான் சோதிக்கல, நீங்களும் சோதிக்காதீங்க.

நான் தெரு முனையில இருக்கற ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டேன், வீட்டு வாசல்லயே வேலை. கலரை நம்பாம வோல்ட் மீட்டரை எடுத்தான். கறுப்பு முனையை 8-வது பின்ல வெச்சு, சிவப்பு முனையை 4-ல தொட்டான், சைபர். "சார், சாவியைப் போடுங்க, திருப்ப வேணாம்"னான். போட்டேன், திருப்பலை, மீட்டர்ல 12 சொச்சம் வந்துடுச்சு. அவனுக்கே ஆச்சரியம், "என்ன சார், ஆன் பண்ணாமயே வருது"ன்னு கேட்டான். அதுதான் இந்தக் கார்ல அழகு, 4-வது பின்ல வர்றது இக்னிஷன் ப்ளஸ் இல்ல, சாவி துவாரத்துக்குள்ள சாவி இருக்கற வரைக்கும் வர்ற ப்ளஸ். இன்ஜினை ஆஃப் பண்ணினாலும் சாவியை உருவற வரைக்கும் கால் கட் ஆகாது, வீட்டு வாசல்ல நிறுத்திட்டுப் பேசி முடிச்சுட்டு இறங்கலாம். நிறைய புதுக் கார்ல இந்த சுகம் கிடையாது.

7-ல தொட்டா சாவியே இல்லாம 12. ஆக பாரட் சிவப்பு 7-க்கு, ஆரஞ்சு 4-க்கு. மாத்திக் கொடுத்தா சாவியை எடுத்த நொடியே கிட்டோட மெயின் கரண்ட் கட் ஆயிடும். சில பேர் தலைவலியே வேணாம்னு ரெண்டையும் பேட்டரி லைன்லயே கட்டி விட்டுடுவாங்க, வண்டியை நாலஞ்சு நாள் எடுக்கலன்னா பேட்டரி உக்காந்துடும், அப்புறம் "பாரட் பேட்டரியைக் குடிக்குது"ன்னு பேர் கெட்டுப் போகும்.

இப்ப அந்த வில்லன், 3-வது பின். இது ஃபோக்ஸ்வாகன் குரூப்ல கே லைன், ஸ்கேனர் போட்டுப் பாக்கும்போது வண்டியோட மாட்யூல் எல்லாம் பேசற வயர். கம்பெனி செட்டுக்குப் பதிலா வெளியில வாங்கி மாட்டற செட்டோட அடாப்டர்ல இந்த 3-வது பின்ல வேற எதையாவது கொடுத்திருந்தா, இன்ஜின் லைட் எரியுதுன்னு மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகுவார், "கனெக்ட் ஆகல"ன்னு வரும், இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) போச்சுன்னு பயமுறுத்துவாங்க, பாத்தா குத்தவாளி பாட்டுச் செட். அதனால மியூட் வயரை 3-ல மட்டும் சொருகவே கூடாது, மாட்டி முடிச்சதும் ஒரு தடவை ஸ்கேனர் போட்டு எல்லாம் பேசுதான்னு பாத்துடணும். நாங்க பாத்தோம், பேசுது.

செட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. சேஃப் கோட் கையில இருக்கான்னு பாருங்க, செட்டைத் திருடினா வேலை செய்யாம இருக்க வெச்ச நாலு இலக்கப் பூட்டு நம்பர். கப்ளரை உருவினா கரண்ட் போகும், திரும்ப மாட்டினா செட் சேஃப்னு காட்டிட்டு உக்காந்துடும். ரெண்டு தடவை தப்பா போட்டா ஒரு மணி நேரம் செட்டை ஆன்லயே விட்டுக் காத்திருக்கணும். செகண்ட் ஹேண்டா கார் வாங்கினவங்க பழைய ஓனர்கிட்ட அந்தக் கார்டு இருக்கான்னு கேட்டு வெச்சுக்கங்க. கழட்டறதுக்கு தகடு மாதிரி ரெண்டு சாவி வேணும், புதுப்பேட்டையில கேட்டா கிடைக்கும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினா டேஷ்போர்டு ஓரம் நசுங்கிடும்.

இந்த தம்பியைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஒரு கடைக்குப் போனேன், பேர் வேணாம். கிட்டைப் பாத்ததுமே "இதெல்லாம் பழசு அண்ணே, நம்மகிட்ட ஆண்ட்ராய்டு செட் இருக்கு"ன்னு ஆரம்பிச்சார், நான் வேணாம்னதும் "அப்ப கப்ளரை வெட்டி நேரா ஜாயின்ட் போட்டுடலாம், அரை மணி நேர வேலை"ன்னார். கையில முழு கேபிள் இருக்கு, சொருகற கப்ளர் ரெண்டு பக்கமும் இருக்கு, எதுக்கு வெட்டணும்னு கேட்டா "எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம்". வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். கம்பெனி கப்ளரை வெட்ட ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, நாளைக்கு கிட்டைக் கழட்டினா காரை பழையபடி கொண்டு வர முடியாது, விக்கும்போது வாங்கறவன் டேஷ்போர்டைப் பிரிச்சுப் பாத்தா விலையைக் குறைப்பான். எலக்ட்ரீஷியன்கிட்ட பேசும்போது முதல் வார்த்தையே "வெட்டாம பண்ண முடியுமா"ன்னு இருக்கட்டும்.

கேபிள்ல பின்னை மாத்த வேண்டிய இடத்துல கூட வெட்டல, பின்னோட பக்கத்துல இருக்கற சின்ன நாக்கை ஊசியால அமுக்கி பின்னாடி உருவி, வேண்டிய குழியில சொருகி, டக்குனு பூட்டற சத்தம் கேக்குதான்னு பாத்தான். மியூட்டுக்கு ஒரு இடத்துல மட்டும் வயரை நீட்ட வேண்டி வந்துச்சு, அதுல சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிச்சுக்கற குழாய்) போட்டோம். சாதா இன்சுலேஷன் டேப் சென்னைக் காருக்கு ஆகவே ஆகாது, அக்னி நட்சத்திரத்துல பசை உருகி டேப் தானா அவுந்துக்கும், உள்ள வயரெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும். கொத்தா வர்ற வயருக்கு துணி டேப் சுத்தினோம், கடகடன்னு சத்தமும் வராது.

எர்த்தை செட்டோட 8-வது பின்லயே எடுத்தோம், சீட் போல்ட்ல கொடுக்கல. ரெண்டு வேற வேற இடத்துல எர்த் எடுத்தா ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "ஙொய்ய்"னு ஒரு சத்தம் ஏறும், ஆல்டர்னேட்டர் சத்தம். அப்புறம் ஸ்பீக்கர் வயர்ல மைனஸை பாடில தொட விடாதீங்க, இந்த மாதிரி செட்ல ஸ்பீக்கர் மைனஸ் எர்த் கிடையாது, தொட்டா செட்டோட ஆம்ப்ளிஃபையர் ஐசி காலி.

மைக்குக்கு வருவோம். எம்கேஐ 9200-ல ரெட்டை மைக், அதை எங்க வெக்கறோம்கறதுலதான் எதிராளிக்கு நம்ம குரல் கேக்கறதும் கேக்காததும். டேஷ்போர்டு மேல வெச்சா ஏசி காத்து நேரா அடிக்கும், நம்ம ஊர்ல ஏசி நாலாம் நம்பர்ல ஓடாத நாள் ஏது, எதிர்ல இருக்கறவனுக்குப் புயல் மாதிரி கேக்கும். உள் லைட்டுக்குப் பக்கத்துல, கண்ணாடிக்கு மேல வெச்சு, வயரை கூரைத் துணி ஓரமா தள்ளி ரப்பர் பீடிங்குக்குள்ள இறக்கினோம். இப்ப ஓஎம்ஆர்ல எண்பதுல போகும்போது கூட வீட்ல "எங்க இருக்க, வீட்லயா"ன்னு கேக்கறாங்க. எக்கோ கேன்சலேஷன்ல பாரட்காரன் கில்லாடி, இதுல குறையே சொல்ல முடியாது.

பாட்டு? ஓகே ரகம். நான் மாட்டின விதத்துல முன் ஸ்பீக்கர்ல மட்டும் வருது, பாரட்டோட சொந்த ஆம்ப்ளிஃபையர்லேர்ந்து. இளையராஜா வயலின் தெளிவா வருது, பேஸ் கம்மி, தவில் அடிக்கறது நெஞ்சுல படல. பாட்டுக்காகவே வாங்கறவங்க இதை விட்டுடுங்க.

2.4 இன்ச் கலர் ஸ்க்ரீன் ராத்திரி அழகு, மத்தியானம் கண்ணாடி வழியா வெயில் விழுந்தா ஒண்ணும் தெரியாது, கையை மறைச்சு வெச்சுப் பாக்கணும். கூட வர்ற ரெட்டைப் பக்க டேப் வெயில்ல விட்டுடுது, நல்ல டேப்பா வாங்கி ஒட்டிக்கங்க. ரிமோட்டை ஸ்டியரிங்ல கட்டிக்கற மாதிரி பட்டை இருக்கு, உள்ள பட்டன் செல், வயர் தேவையில்ல, நடு சக்கரம் சுத்தறது சுகமா இருக்கு. பேர் சொல்லி கூப்பிட்டா டயல் பண்ணும், ஆனா இங்கிலீஷ் குரல்ல நம்ம பேரை அது திருப்பிச் சொல்றதைக் கேட்டா சிரிப்பு வரும், ஞானசேகரனை அது படுத்தற பாடு இருக்கே. பசங்க அதைக் கேக்கறதுக்காகவே பட்டனை அமுக்கறாங்க.

போனோட சேக்கறப்ப கேக்கற ரகசிய நம்பர் 0000. புது ஆண்ட்ராய்டு போன்ல சேத்ததும் காண்டாக்ட் பாக்க அனுமதி கேட்டு ஒரு அறிவிப்பு மேல வந்து ஓடிடும், அதுல சரி கொடுக்கலன்னா பேர் வராம நம்பர் மட்டும் வரும், கிட் மேல பழி போடாதீங்க. சாதா கால் பக்கா. வாட்ஸ்அப் கால் சத்தம் ஸ்பீக்கர்ல வருது, ஆனா ரிமோட்ல பச்சை பட்டனை அமுக்கி எடுக்க என்னால முடியல, போனைத்தான் தொட வேண்டியிருக்கு, இது எனக்கு பெரிய குறை, ஏன்னா வெளிநாட்டுல இருக்கறவங்க எல்லாம் அதுலதான் கூப்பிடறாங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவுல, ஓட்டும்போது கையில போன் பிடிக்கறது ஆபத்தான ஓட்டுதல் கணக்குல வருது, அதனால வாட்ஸ்அப் வந்தா ஓரங்கட்டித்தான் எடுக்கறேன்.

இதுக்குப் பதிலா ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கற பேர் இல்லாத ப்ளூடூத் போர்டு போதாதான்னு கேப்பீங்க. அதையும் என் தம்பி வேகன் ஆர்ல போட்டுப் பாத்தோம். பாட்டுக்குப் பரவாயில்ல, ஆக்ஸ் (வெளியேர்ந்து பாட்டு கொடுக்கற துளை) இருக்கற செட்டா இருந்தா தாராளமா போடுங்க. போனுக்கு ஆகாது, மைக் தரம் மோசம், எக்கோ அப்படியே திரும்பி வருது, மியூட் வயர்னு ஒண்ணே கிடையாது, 12-லேர்ந்து 5 வோல்ட் இறக்கற சின்ன போர்டு சத்தம் வேற சேருது, ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் ஒரு அம்மா "ப்ளூடூத் இஸ் ரெடி டு பேர்"னு கத்தறாங்க, வால்யூமைக் குறைக்கவும் வழியில்ல.

ஆக்ஸ் இருக்கற புது கார்க்காரங்க, ஆண்ட்ராய்டு ஆட்டோ வேணும்கறவங்க, மேப் பாக்கறவங்க இதை வாங்கவே வேணாம். கம்பெனி செட்டோட வாழ ஆசைப்படற ஆக்டேவியாக்காரங்க வாங்கலாம். எனக்கு கிட் சும்மா வந்துச்சு, எலக்ட்ரீஷியன் கூலி, டேப், சால்டர் எல்லாம் சேர்த்து ஒரு நல்ல ஹோட்டல்ல குடும்பமா சாப்பிடற காசுதான் ஆச்சு. காசு கொடுத்து வாங்கறவங்க ஒரு புது ஆண்ட்ராய்டு செட்டோட பாதி விலைக்கு மேல கொடுக்காதீங்க, அதுக்கு மேலன்னா பழைய சாமானுக்கு அது அநியாயம். வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரரை 12 வோல்ட்ல போட்டுக் காட்டச் சொல்லுங்க, ஸ்க்ரீன் எரியணும், உங்க போனோட சேரணும், ரிமோட் சக்கரம் சுத்தினா மெனு நகரணும், மைக்கை சொருகி ஒரு கால் பண்ணிப் பாத்துட்டே காசை எடுங்க.